பழுதில்லாத நாளின் செலவு

தங்கை மகன் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சேர்த்து வைத்த காசு மூன்றரை லட்சம். "மாமா, ரெண்டு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்து வச்சிருக்கேன், நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். ஒன்று பத்து வயதான பெட்ரோல் செடான். அலாய் வீல், தோல் சீட்டு, பார்த்தாலே ஏறி உட்காரத் தோன்றும். அதைத் தயாரித்த கம்பெனி இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. மற்றது ஏழு வயதான வேகன்-ஆர். வெள்ளை நிறம், பின் பம்பரில் ஒரு கீறல். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. அவன் மனசு செடானில் இருந்தது. இதே காசுக்கு இவ்வளவு பெரிய வண்டி வருகிறதே என்றான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கார் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். அவனை உட்கார வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் செடான் லிட்டருக்கு 12 கொடுக்கும், வேகன்-ஆர் 18 கொடுக்கும். முதல் வண்டிக்கு வருடம் 83,000 ரூபாய் பெட்ரோல், இரண்டாவதற்கு 55,500. ஐந்து வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 1,40,000. பெட்ரோல் கணக்கு மட்டுமே இது. டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எதையும் இன்னும் தொடவில்லை.

பிறகு எங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். இரண்டு வண்டிக்கும் கிளட்ச் செட் என்ன விலை, உடனே கிடைக்குமா என்று கேட்டேன். வேகன்-ஆருக்கு மூச்சு விடாமல் விலை சொன்னார். நம் ஊர்க் கடையிலேயே மத்தியானத்துக்குள் வாங்கிவிடலாம் என்றார். செடானுக்குச் சற்று நேரம் பேச்சில்லை. "சென்னையில விசாரிச்சுச் சொல்றேன் சார். புதுசு வரலைன்னா புதுப்பேட்டையில பழசு தேடணும்." பையன் முகம் மாறியது அப்போதுதான். கணக்குத் தாளைவிட அந்த ஒரு நிமிட மௌனம் அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

நம்பகமான வண்டி என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வழியில் நிற்காத வண்டி ஒன்று. நின்றாலும் சீக்கிரம் எழுந்துவிடும் வண்டி இன்னொன்று. அம்பாசிடர் இரண்டாவது ரகம். அடிக்கடி நிற்கும், ஆனால் பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். சாலையோரத்து மெக்கானிக் ஒரு ஸ்பானரோடு வந்து கிளப்பிவிடுவார். மாருதி 800 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனைக்கு வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஜப்பான்காரர்களின் எஞ்சின் நல்ல எஞ்சின் என்பதில் சந்தேகமில்லை. அதோடு, 25 லட்சம் வண்டிகளுக்கும் மேல் ஓடியதால் நாகர்கோவில் முதல் வாணியம்பாடி வரை ஒவ்வொரு பட்டறைப் பையனும் அதில்தான் தொழில் பழகினான். அந்த வண்டியின் நம்பகத்தில் பாதி அந்தக் கைகளில் இருந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது; அதே வருடம் மே மாதம் அம்பாசிடரும் நின்றது.

நம்பகம் என்றால் என்ன என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து திருச்சிக்கு இரவில் வந்துகொண்டிருந்தேன், அம்மா பக்கத்தில். துவரங்குறிச்சி தாண்டியதும் ஹீட் முள் மளமளவென்று சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் முன்பக்கமெல்லாம் ஆவி. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பின்னால் வந்து நின்ற லாரி டிரைவர் "தொடாதீங்க, மூஞ்சியில அடிச்சுடும்" என்று கத்தினார். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்குத் தாளில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கிளாம்ப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிப் பச்சையாகக் காய்ந்த கறை. "இது நேத்து வந்த கறை இல்ல சார், ஆறு மாசமாக் கசிஞ்சிருக்கு. வண்டி சொல்லாம நிக்காது." ஹோஸின் விலை சில நூறு ரூபாய். ஆனால் சூட்டில் ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, எல்லாம் முடிய 28,000 ஆனது. அந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை சர்வீஸைத் தள்ளிப் போட்டிருந்தேன். வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்ற நினைப்பு.

அன்றுதான் எனக்கு விளங்கியது: நம்பகமும் பராமரிப்புச் செலவும் வேறு வேறு அல்ல. எதுவும் பழுதாகாத நாளில், அவசியமே இல்லை என்று தோன்றும் நேரத்தில், நாம் கொடுக்கும் சின்னச் சின்னக் காசுதான் நம்பகம். வருடத்துக்கு ஒரு முறையோ 10,000 கிலோமீட்டருக்கோ மாற்றும் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் பிரேக் ஆயில், விரிசல் விடுமுன் மாற்றும் பெல்ட். டைமிங் பெல்ட் உள்ள பல எஞ்சின்களில் அது அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பெல்ட்டை மாற்ற வேண்டிய கெடு தெரிந்தும் தள்ளிப் போட்டவருக்கு அது விபத்தாகத் தோன்றும். அம்மாவின் முட்டிவலியை நான் கேட்காமல் விட்டதும், வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காமல் போனதும் இதே பழக்கம்தான். நன்றாக இருப்பது தானாகவே நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அதை யாரோ நன்றாக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பழைய வண்டி வாங்கும்போது மாடலைப் பார்ப்பதோடு, அதை வைத்திருந்தவரையும் பார்க்க வேண்டும். வேகன்-ஆரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கேட்காமலே ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஏழு வருட சர்வீஸ் பில்களும் தேதி வரிசையில் இருந்தன. மெக்கானிக் ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒரு சொட்டை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிய வண்டியா என்று பார்க்காமல் அவர் எதையும் வாங்கச் சொல்வதில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். செடான்காரரிடம் பில் கேட்டபோது, "இதுவரைக்கும் ஒரு செலவு வச்சதில்ல சார்" என்று பெருமையோடு சொன்னார்.

தங்கை மகன் வேகன்-ஆரை வாங்கினான். அதே கோப்பில் அடுத்த பில்லையும் அவனே சேர்த்தான்.

நீங்களும் இப்படி வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் தன் சத்தத்தை மறைக்காது. பில் வைத்திருப்பவர் பத்தாயிரம் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.