கயிற்றின் இந்த முனை

தைரியத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்வியை நான் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நாட்களில் அது என்னிடம் வந்து சேர்ந்தது. கழிவுக் குழியில் இறங்கிய ஒருவன் மேலே வரவில்லை. அவன் தம்பி யாரையும் கேட்காமல் பின்னாலேயே குதித்தான். நான் விளிம்பில் நின்றேன். அன்று என்னைப் பற்றிச் சொல்ல இதைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு உடல்களையும் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்துதான் எடுத்தார்கள்.

இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் பையன் முதலில் படிக்க வேண்டியது தீயை அல்ல என்று, வெகுநாள் கழித்து, ஓய்வுபெற்ற ஒரு முன்னணித் தீயணைப்பாளர் என்னிடம் சொன்னார். தோலிலிருந்து மயிர் கழியச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அமிலம். இரண்டின் கழிவும் குழியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம் என்று புலன் சொல்லும் அதே நிமிஷத்தில்தான் சாவு தயாராக இருக்கிறது.

பயிற்சி மையத்தில் ஏணி, குழாய், முடிச்சு எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஆனால் கத்திக்கொண்டிருக்கும் ஒரு தாயின் முன்னால், குழி விளிம்பில், இறங்காமல் நிற்பதை அங்கே எப்படிச் சொல்லித்தருவது? இவர் ஒரு வழி வைத்திருந்தார். புதுப்பையனின் பெல்ட்டைப் பின்னாலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொள்வார். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இன்னொருவர் இறங்குவார். பையன் கையில் கயிறு. எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம், சிலிண்டரில் எவ்வளவு காற்று, எத்தனை நிமிஷம் ஆயிற்று - இதுதான் பாடம். குழிக்குள் போகும் முறை பின்னால்தான் வரும்.

மூடிய இடங்களில் நேர்ந்த சாவுகள் பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்றிருந்தது. அந்தத் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

அபிமன்யுவின் கதையை அரைகுறைப் படிப்பின் கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. ஆனால் அவனுக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே, பின்னாலேயே வருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அனுப்பியவர்கள் பெரியவர்கள். ஜயத்ரதன் அவர்களை வாசலிலேயே மறித்துவிட்டான். அறியாமை பையனுடையது, வாக்கு பெரியவர்களுடையது. குரு என்ற சொல்லை நாம் வித்தையோடு மட்டும் சேர்த்து யோசிப்பது போதாது என்று தோன்றுகிறது. மறுமுனையைப் பிடித்திருப்பதும் அதில் சேர்த்தி.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 அன்று, 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்களை நினைவுகூர்கிறார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் ஒருவர் இறந்தார். 2020 தீபாவளியன்று மதுரை ஜவுளிக்கடைத் தீயில் இருவர். தியாகம் என்கிறோம், அது பொய்யில்லை. ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டே வளரும் ஒருவனைக் குழி விளிம்பில் நிறுத்திவைப்பது எளிதல்ல. கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில் தைரியத்தை வைத்தார் அரிஸ்டாட்டில். அந்த நடு எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு குழியிலும் மாறுகிறது. அதனால்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

என் சங்கடம் வேறு. "நீங்க நின்னதுதான் சார் சரி" என்றார் அவர். வெளியிலிருந்து பார்த்தால் நான் நின்றதும் அவருடைய பையன் நிற்பதும் ஒன்று. ஆனால் அவன் நிற்பதில் எண்ணிக்கை இருக்கிறது, கயிறு இருக்கிறது, உள்ளே இருப்பவனோடு ஒரு பேச்சு இருக்கிறது. என்னிடம் இருந்தது பயம் மட்டும். தற்செயலாகச் சரியாக அமைந்த காரியத்தை ஒழுக்கம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? அவரிடம் கேட்டேன். "பயம் அவனுக்கும்தான் இருக்கும். கையில வேலை இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

அந்தத் தம்பியை முட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1996இல் சொன்னது இந்தப் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்தான். கழிவுத் தொட்டியில் ஆளை ஆபத்தாக இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். நிதானத்தைப் படிக்கவும் ஒரு வசதி வேண்டும்: சம்பளத்தோடு பயிற்சி, முதுகில் சிலிண்டர், பெல்ட்டைப் பிடிக்க ஒரு பெரியவர். குழிக்குள் இறக்கப்படுகிற சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே இருப்பவன் அண்ணன்.

அன்று அந்தக் குழியருகில் கயிறு இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்திருந்தாலும் அதன் ஒரு முனையை எடுத்துப் பிடிக்க எனக்குத் தெரிந்திருக்காது.