லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்னவை

திருக்குர்ஆனின் 31-ஆவது அத்தியாயம் லுக்மானுல் ஹகீம் (அலை) அவர்களின் பெயரால் அமைந்தது. அவர்கள் தம் மகனுக்குக் கூறிய புத்திமதிகளை அல்லாஹுத் தஆலா அதில் நமக்கு எடுத்துரைக்கிறான். இறைவனுக்கு இணை வைக்கலாகாது என்பது முதலாவது. பாறைக்குள் மறைந்த கடுகளவு செயலையும் அவன் வெளிக்கொணர்வான் என்பது அடுத்தது. பிறகு தொழுகை, நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல், பொறுமை, பெருமை கொள்ளாமை, நடையில் நிதானம். குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதே கடைசி. கழுதையின் கத்தலைக் காட்டி எச்சரிக்கிறார்கள்.

பெற்றோர்களே! மகனைக் கொஞ்சி அழைக்கும் சொல் இதற்குள் மூன்று முறை வருகிறது. நாமோ சுப்ஹு வேளையில் தெருவே விழிக்கும்படி கத்திப் பிள்ளையை எழுப்புகிறோம். மிம்பரில் உபதேசிக்கும் நாமும் இதற்கு விலக்கல்ல. ஒரு புத்திமதியைச் சொல்லும்போதே மற்றொன்றை மீறிவிடுகிறோம். பிள்ளையின் மனத்தில் தொழுகை தங்குவதில்லை. நம் கூச்சல்தான் தங்குகிறது.

நாளைய சுப்ஹுக்கு அருகில் அமர்ந்து, தலையைத் தடவி, மெதுவாக அழைப்போம். உடனே எழாவிட்டால் மீண்டும் அழைப்போம். பொறுமையும் அந்தப் புத்திமதிகளில் ஒன்றல்லவா! அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.