சிலேட்டும் பேரேடும்

கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று அழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான வளப்பூர் நாட்டில் இருக்கிறது அறப்பளீசுவரர் கோயில். அதன் அருகில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிப் போயிருந்த எனக்கு, அந்தத் தண்ணீரைக் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. உடன் வந்தவன் என் அண்ணன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன்.

அந்த மீன்களுக்கு ஒரு கதை உண்டு. யாரோ பிடித்து அறுத்துக் குழம்பில் போட்ட மீன், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மறுபடியும் ஆற்றில் துள்ளி ஓடியதாம். அறுத்த மீனைப் பொருத்திய ஈசுவரன் இவர் என்பது மலைமக்களின் நம்பிக்கை.

கதையைக் கேட்டுப் பையன் சிரித்தான். "எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும், சித்தப்பா. நாங்கள் மீனை அறுப்பதே இல்லை" என்றான்.

என்ன கூட்டம் என்று விசாரித்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினைந்து இருபது பேர் கூடுகிறார்களாம். யாரோ இரவல் கொடுக்கும் ஓர் அறை, காகிதக் கோப்பையில் தேநீர், பலகையில் எழுதுகிறவர் ஒருவர், குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் மற்றவர்கள். 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' என்னும் முறையில் இவர்களுக்குப் பித்து. 2014-ல் பெங்களூரில் இதற்கென்று ஒரு மாநாடே நடந்ததாம்.

"இதனால் சம்பளம் கூடுமா?" என்று கேட்டேன். நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன கேள்வி முதலில் தோன்றும்?

"எனக்குக் கூடாது. ஆபீஸில் வேறு முறைதான்."

பிறகு அவன் விளக்கினான். வழக்கமான முறையில், இயந்திரத்தின் நினைவில் ஓர் இடத்துக்குப் பெயர் வைத்து, அங்கே இருப்பதை அழித்து அழித்து எழுதிக்கொண்டே போவார்கள். சிலேட்டு மாதிரி. இவர்கள் முறையிலோ ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பழையதை யார் கையில் வைத்திருக்கிறார்களோ, அவர்களிடம் அது அப்படியே இருக்கும். யாருமே பற்றிக்கொண்டிராததை மட்டும் இயந்திரம் தானே பெருக்கித் தள்ளிவிடும்.

எனக்குப் பேரேடு நினைவுக்கு வந்தது. நல்ல கணக்குப்பிள்ளை தப்பு நேர்ந்தால் சுரண்டி அழிக்கமாட்டார், எதிர்ப்பதிவு போடுவார்.

இந்த எண்ணத்தின் விதை 1930-களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கத் தர்க்க அறிஞர் போட்டது. ஆனால் பிறகு வந்த இயந்திரங்களுக்கு நினைவு மிகச் சிறியது. அழித்து எழுதாமல் காலம் தள்ள முடியாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி அந்தப் பழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது. வேடிக்கை என்னவென்றால், 1977-ல் ட்யூரிங் பரிசு பெற்றபோது அதே பேக்கஸ் மேடையில் நின்று, தாம் பரப்பிய முறையையே குறை சொல்லி மாற்று வழி தேடச் சொன்னார். 1990-ல் வெளியான ஹாஸ்கெல் என்னும் மொழி அந்த மாற்று வழியைச் சேர்ந்தது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தில் அதைக் கற்பிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சில்லு வடிவமைக்கப்பட்டது, ஹாஸ்கெல் வழியில் பிறந்த புளூஸ்பெக் என்ற மொழியில். பயனற்ற பித்து என்று ஒதுக்குவதற்கில்லை.

இவ்வளவும் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் 'பழையதை வைத்திருப்பவர்களிடம் அது அப்படியே இருக்கும்' என்றானே, அது என்னைக் குத்தியது.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவல் எழுதினேன். அதில் ஒரு தமையன் வருவான். விதவைத் தங்கைக்குக் காப்பிப்பொடியைத் தராசில் நிறுத்துக் கொடுப்பான். ஊரில் எல்லோருக்கும் அவன் யாரென்று தெரிந்துவிட்டது. என் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையில் அவர் அப்படிப்பட்டவரும் அல்லர். தராசு என் கற்பனை. அவர் காலமான பின் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த மூன்று பக்கங்களை எடுத்துவிட்டுத் தமையனைத் தாராளமானவனாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக உறங்கினேன்.

"முதல் பதிப்பு அப்பாவின் பெட்டியில் இருக்கிறது, சித்தப்பா" என்றான் பையன், பொரியை இறைத்துக்கொண்டே. அவன் குரலில் கோபம் இல்லை. "இரண்டாவதையும் படித்தேன். அதை மட்டும் படிப்பவனுக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அப்பாவுக்கு மட்டும் நடந்தது."

நான் சும்மா இருக்கவில்லை, வாதாடினேன். மறதியும் ஒரு தருமம் அல்லவா? 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவர் தம்மைப் பற்றிய பழைய செய்தி இணையத் தேடலில் வராமல் நீக்கக் கோரலாம் என்று தீர்ப்பளித்ததே! 2023-ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதே!

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விடை தெரிந்துவிட்டது. அந்த உரிமையெல்லாம் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு உரியது, எழுதியவனுக்கு உரியதல்ல. காயம் பட்டவன் அழிக்கச் சொன்னால் அது அவனுக்கு ஆறுதல். காயப்படுத்தியவன் அரவமில்லாமல் அழித்தால் அது சாட்சியைக் கலைப்பது. பேக்கஸ் மேடையேறிச் சொன்னார். நான் அச்சுக்கூடத்தில் காதோடு காதாகச் சொன்னேன்.

பையனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அந்தப் பிரதியை எனக்குக் கொடுக்கிறாயா?" என்று கேட்டேன்.

"மாட்டேன்" என்றான். பொரிப் பையின் அடியில் மிச்சம் இருந்ததை என் கையில் கொட்டினான்.

மூன்றாம் பதிப்பின் புரூப் மேஜைமேல் கிடக்கிறது. அந்த மூன்று பக்கங்களில் என்ன இருந்தது, யாரை நினைத்து எழுதினேன், அதில் எது பொய் என்று முன்னுரை ஒன்று எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் பையனுக்கு அனுப்பினேன். ஒரு தேதியைத் திருத்தி அனுப்பியிருக்கிறான்.