எப்ப நிறுத்துவாங்க?

எங்கள் ஐந்தாவது கல்யாண நாளுக்கு ஜப்பான் போவதாகத்தான் திட்டம். டோக்கியோ, கியோத்தோ எல்லாம் வேண்டாம், கூட்டமில்லாத சின்ன ஊராக இருக்கட்டும் என்று தேடி மாட்சுயே என்ற ஊரைப் பிடித்து வைத்திருந்தோம். ஷிமானே மாகாணத்தின் தலைநகர். ஒரு பழைய கோட்டை, ஷிஞ்சி என்று ஓர் ஏரி, சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் விமான டிக்கெட் விலையைப் பார்த்தோம். எனக்கு லீவும் நான்கு நாள்தான் கிடைத்தது. மாட்சுயே பூரணாங்குப்பம் ஆகிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் வந்தால் அரியாங்குப்பம், நோணாங்குப்பம். நோணாங்குப்பம் படகுக் குழாமில் சனி ஞாயிறு கூட்டம் நெரியும். சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கமாகத் திரும்பியதும் அந்தச் சத்தம் பின்தங்கிவிடுகிறது. நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரர்கள் பிரான்ஸில் இருக்கிறார்கள். பின்கட்டில் குடியிருக்கும் ஓர் அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். காலைச் சாப்பாடும் அவர் கையால்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் என் போன் அலறும். அந்த மாதிரி வேலை. முதல் நாள் போனை அணைத்துப் பையில் போட்டேன். மத்தியானம் தூங்கினோம். மாலையில் கடற்கரையில் நடந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒரு பேச்சை ஆரம்பித்து, நடுவில் அறுந்துபோகாமல் பேசி முடித்தோம்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் பறைச் சத்தம். நடுநடுவே வெடி. தலையணையைக் காதில் அழுத்திப் பார்த்தேன். எட்டு மணிக்கு அக்கா தோசை கொண்டுவந்தபோது கேட்டேன்.

“அக்கா, இது எப்ப நிறுத்துவாங்க?”

அவர் சட்னியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “எடுக்கற வரைக்கும் அடிப்பாங்க தம்பி. மூணு மணி ஆவும். தெருவுல ஒரு பெரியம்மா தவறிட்டாங்க. நீங்க சாப்ட்டீங்கன்னா நானும் ஒருதரம் போயி மொகத்தப் பாத்துட்டு வந்துருவேன்.”

எங்களுக்குத் தோசை சுட்டுப் போடுவதற்காக அவர் சாவு வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார். மனைவி உடனே எழுந்து, “நீங்க போங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “ஒரு ஊருக்கே ஸ்னூஸ் பட்டன் தேடுறியா நீ?”

நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு ராத்திரிக்கு 3,500 ரூபாய் கொடுத்திருந்தேன். அறை, கட்டில், காலைச் சாப்பாடு, அமைதி எல்லாம் அதில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறேன். அறையும் கட்டிலும் வீட்டுக்காரருடையவை, அவர் விற்கலாம். அமைதி யாருடையது? அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் தினமும் எப்படி வாழ்கிறார்களோ அதிலிருந்து வருவது அது. அவர்களில் ஒருவருக்கும் நான் பணம் கொடுக்கவில்லை. அவர்கள் என்னிடம் எதையும் விற்கவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் யோசித்தால், நாம் தேடிப்போகும் அமைதியில் பாதி ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்றது. 1955-இல் ஷிமானேவின் மக்கள்தொகை 9 லட்சத்துக்கும் மேல். இன்று 7 லட்சத்துக்கும் கீழே. மாட்சுயே பக்கம் கூட்டமில்லாததற்கு, இளைஞர்கள் வேலை தேடிப் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டதும் ஒரு காரணம். இங்கேயும் கதை இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள், பேரன்கள் பலர் இன்று பிரான்ஸில். புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு பயணம் உண்டு. நான் ‘ஆஹா, என்ன நிசப்தம்’ என்று காலை நீட்டிப் படுத்த கூடமும் ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போன இடம்தான்.

அப்படியானால் போகவே கூடாதா? அதையும் சொல்ல முடியவில்லை. களைத்துப்போனவருக்கு ஓய்வு வேண்டும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் வராவிட்டால் அக்காவுக்கு அந்த வருமானமும் இல்லை. அதனால் என் கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. ஓய்வு தேடுகிறோமா, நம்மிடம் எதுவுமே கேட்காத ஓர் இடத்தைத் தேடுகிறோமா? மனிதர்கள் வாழ்கிற எந்த இடமும் இரண்டாவதாக இருக்க முடியாது. அங்கே சாவு விழும், கல்யாணம் நடக்கும், குழாயடியில் சண்டை வரும். அதெல்லாம் இல்லாத ஊர் வேண்டுமென்றால், மனிதர்கள் இல்லாத ஊரைத்தான் கேட்கிறோம்.

அங்கே வாழ்பவர்களைப் பார்க்காமல் காட்சியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே ஃபுஜி மலை தெரியும். அதைப் படமெடுக்க வந்தவர்கள் குப்பை போட்டார்கள், சாலையைக் கண்டபடி கடந்தார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். சொல்லிப் பார்த்துச் சலித்த ஊர் நிர்வாகம் 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்தது.

மாட்சுயேவை வெளியுலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் லாஃப்காடியோ ஹெர்ன். 1890-இல் ஆங்கில ஆசிரியராக அங்கே போய், ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தவர். 1894-இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்த ஊரின் விடியலைச் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அரிசி குத்தும் பெரிய உலக்கையின் சத்தம் தரைக்குள்ளிருந்து வருகிறது. அவருக்கு அது நாடித்துடிப்பு போலக் கேட்கிறது. பயணத்துக்காக அதைப் படித்தபோது அழகான வர்ணனை என்று கோடு போட்டு வைத்தேன். எனக்கும் ஒரு ஊர் காலை ஆறு மணிக்கு அப்படி ஒரு சத்தத்தோடு விடிந்தது. நான் கேட்டது, எப்ப நிறுத்துவாங்க என்று.

மூன்று மணிக்கு நாங்கள் வாசலுக்கு வந்து நின்றோம். செருப்பைக் கழற்றினேன். பாடை எங்களைக் கடந்து போனது. அந்த அம்மாவின் முகத்தை முதலும் கடைசியுமாக அப்போதுதான் பார்த்தேன். பறை அடித்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். என் கேள்வி அவர் காதுக்குப் போயிருக்காது. ஆனாலும் அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, “தூங்க முடியலல்ல தம்பி?” என்று கேட்டார், ஏதோ அவர் தப்பு செய்துவிட்ட மாதிரி. நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி முந்திக்கொண்டாள். “அவங்க எப்படிப்பட்டவங்கக்கா?”

அக்கா திண்ணையில் உட்கார்ந்தார். இருட்டும்வரை அந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.