வலியவரின் கடன்

எளியவருடன் சதுரங்கம் ஆடும் வலியவர் மனமிரங்கி வேண்டுமென்றே தோற்பது நற்குணமா? மாணவர் ஆடுவதைக் காணும்போதெல்லாம் என்னுள் எழும் கேள்வி இது.

எலோ கணிப்பின்படி, 400 தரப்புள்ளிகள் கூடியவர் 11 ஆட்டங்களில் ஏறத்தாழ 10 வெற்றிப்புள்ளிகள் பெறுவார். எஞ்சிய ஒன்றே எளியவரின் சொத்து. வலியவர் இரங்கித் தோற்றால் பறிபோவது அதுதான். தான் வென்றதா, தனக்குத் தரப்பட்டதா என்பதை எளியவர் ஒருபோதும் அறியமாட்டார்.

தொடர்ந்து தோற்பவர் சோர்ந்துபோவாரே என்பீர்கள். உண்மைதான். அதற்கும் வழியுண்டு. 19ஆம் நூற்றாண்டில் போல் மோர்பி போன்றோர், எளியவருடன் ஆடுகையில் தமது குதிரையொன்றை முன்னரே அகற்றிவிடுவதுண்டு. அது இருவரும் அறிந்த சலுகை. மறைவாகத் தரும் சலுகையோ அவமதிப்பு.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், ஐரோப்பிய விதிமுறைகளைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கற்றிருந்த பஞ்சாபின் சுல்தான் கான், முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவை வென்றார். கபபிளாங்கா விட்டுக்கொடுத்திருந்தால் அவ்வெற்றிக்கு ஏது பெறுமதி?

முழுப் பலத்துடன் ஆடுவதே வலியவர் எளியவருக்குச் செய்யும் மரியாதை. ஆட்டம் முடிந்தபின் அருகிலமர்ந்து, பிழைத்த நகர்த்தலைப் பொறுமையோடு விளக்குவதே இரக்கம்.