அச்சத்தில் விளையுமோ அறம்?

அச்சுறுத்தி ஒருவனை நல்லவனாக்க இயலுமா? கல்விக்கூடங்களில் ஓயாது எழும் இவ்வினா, பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகுஸ்தினாரின் வாழ்விலும் எழுந்தது. அவர் அதற்கு ஒரே விடையைத் தரவில்லை என்பதே நம் சிந்தனைக்குரியது.

அகுஸ்தினார், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354-ஆம் ஆண்டு பிறந்தார். பள்ளியில் பட்ட அடிகளை அவர் மறந்தாரல்லர். இலத்தீன் மொழியைச் செவிலியரின் கொஞ்சலிடையே இனிதாகக் கற்றதையும், கிரேக்க மொழி தண்டனையால் கசந்ததையும் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் விவரிக்கின்றார். மொழி கற்பதற்கு அச்சத்தைவிட அறிவார்வமே வலிமையுடையது என்பது அவர் கண்ட முடிவு.

பின்னர் அவர் கார்த்தேஜிலும் உரோமையிலும் மிலானிலும் சொற்கலை பயிற்றும் ஆசிரியரானார். 387-இல் திருமுழுக்குப் பெற்றார். சில ஆண்டுகளில் ஹிப்போ நகரின் ஆயரானார். அக்காலத்தில் ஆப்பிரிக்கத் திருச்சபையினின்று பிரிந்து நின்றோர் தொனாத்தியர். அவர்களைச் சொல்லால் வெல்லவேண்டுமேயன்றி வலிமையால் அன்று. வற்புறுத்தினால் நடிப்போரே பெருகுவர் என்று அவர் முதலில் கருதினார். ஆயினும், அரசாணைகளுக்கு அஞ்சி, தம் சொந்த ஊரார் உட்படப் பலர் திரும்பி வரக் கண்டார். 408-ஆம் ஆண்டளவில், தம் கருத்து மாறியதை ஒரு கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். கொலைத்தண்டனையையும் சித்திரவதையையும் மட்டும் அவர் ஏற்கவில்லை. ஆசிரியரும் பெற்றோரும் கையாளும் பிரம்படி போதும் என அதிகாரி ஒருவருக்குப் பரிந்துரைத்தார். பிரம்புக்கு அழுத சிறுவன், அப்பிரம்பையே இரக்கத்தின் அளவுகோலாகக் கொண்டான்!

அவரைக் கொடியவர் எனல் பொருந்தாது. தொனாத்தியருள் சிலர் செய்த வன்முறையை அவர் கண்கூடாகக் கண்டவர். எனினும் ஒன்று கேட்கலாம். வந்தவர்களின் தொகை, வந்தவர்களின் உள்ளத்தைக் காட்டுமா? நடிப்போர் பெருகுவர் என்ற அவருடைய பழைய ஐயம் தீர்க்கப்படவில்லை. பயன் கண்ட மகிழ்ச்சியில் பின்னுக்குத் தள்ளப்பட்டது, அவ்வளவே. பின்வந்தோர் அவருடைய இரக்கத்தை விடுத்து, வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சமயக் கொடுமைகளுக்கு அரண் தேடினர்.

ஆசிரியப் பெருமக்களும் எதிர்நோக்கும் இடர் இதுவே. பிரம்பு தரும் பயன் உடனே தெரியும்: வகுப்பு அடங்கும், வீட்டுப்பாடம் வந்து சேரும். அது தரும் கேடோ மெல்ல வெளிப்படும். பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே போகும். ஆதலின், மாணவன் நம்முன் எவ்வாறு நடக்கின்றான் என்பதைவிட, நாம் இல்லாவிடத்தும் நூலைத் தானே திறக்கின்றானா என்பதே நம் பணிக்குரிய உரைகல்லாகும்.