பற்றின்மையும் பற்று வரவும்

புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், பவனா நதியை ஒட்டி அமைந்த ஊர் பிம்ப்ரி. 1947-இல் தேசம் பிரிக்கப்பட்டபோது, சிந்து மாகாணத்தில் வீடு, நிலம், கடை யாவற்றையும் விட்டு வந்தவர்களுக்காக இங்கு ஒரு முகாம் அமைந்தது. இன்றும் அப்பகுதியைப் பிம்ப்ரி கேம்ப் என்றே அழைக்கின்றனர். 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு மருந்து நிறுவனம் இவ்வூரில் தோன்றியது. பின்னர் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றை நாடி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

முகாமுக்கு வந்தவர்களில் பலர் சிறு வணிகத்தில் இறங்கினர். இன்று அது பெரியதொரு கடைவீதி. கடைவீதி வணிகத்துக்கு ஒரு சிறப்பு உண்டு: அங்கே வணிகனின் எதிர்பார்ப்பு நாள்தோறும் திருத்தப்படுகிறது. தெருவில் எத்தனை பேர் நடக்கின்றனர், அவர்களில் எத்தனை பேர் நிற்கின்றனர், நின்றவர்களில் எத்தனை பேர் விலை கேட்டுவிட்டுப் போகின்றனர் என்பதெல்லாம் அவன் கண்ணெதிரே நிகழ்கிறது. மாலையில் கல்லாவை எண்ணும்போது கற்பனைக்கு இடமில்லை.

அதே ஊரில் இப்போது வேறொரு வணிகமும் நடைபெறுகிறது. அதற்குக் கடை வேண்டாம், பலகை வேண்டாம். ஒரு கைபேசியும் இணைய இணைப்பும் போதும். வீட்டில் அரைத்த இட்லிப் பொடியை ஓர் இல்லத்தரசி படம் எடுத்து இணையத்தில் இட்டால், அதை அசாமில் உள்ளவரும் பார்க்க முடியும். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் எனப் பலரும் இதில் நாட்டம் கொள்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கடைவீதியில் இருந்த அந்தத் திருத்தம் இங்கே இல்லை. ஆயிரம் பேர் படத்தைப் பார்த்தனர் என்று திரை காட்டுகிறது. பார்த்தவர் வேறு, வாங்குபவர் வேறு என்பதை அது உரக்கச் சொல்வதில்லை. ‘நூற்று நாற்பது கோடி மக்களில் லட்சத்தில் ஒருவர் வாங்கினாலும் பதினாலாயிரம் பேர் ஆயிற்றே’ என்று மனம் கணக்கிடத் தொடங்குகிறது. அந்த லட்சத்தில் ஒருவர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

அந்த இட்லிப் பொடியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் 200 ரூபாய் என வைத்துக்கொண்டால், பருப்பு, மிளகாய், எள், எரிபொருள் ஆகியவற்றுக்கு 90 ரூபாய், உறைக்கும் பெட்டிக்கும் 10, கூரியருக்கு 50, விற்றுத்தரும் இணையதளத்தின் கமிஷன் 30. எஞ்சுவது 20 ரூபாய். உழைப்புக்கு இதில் கூலியே சேரவில்லை. பத்துப் பொட்டலங்களில் ஒன்று உடைந்தோ, முகவரியில் ஆளில்லாமலோ திரும்பி வந்தால், அதன் சரக்குச் செலவும் போகவர இருமுறை கூரியர் செலவும் சேர்ந்து 200 ரூபாய் நஷ்டம். ஒன்பது பொட்டலங்களில் கிடைத்த லாபமோ 180. அதாவது, பத்தில் ஒன்பது பேர் மகிழ்ச்சியோடு வாங்கிய பிறகும் கையிலிருந்து 20 ரூபாய் போகிறது. இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்த்தவர் விலையைத் திருத்துவார். அல்லது முதலில் பிம்ப்ரிக்குள்ளேயே விற்றுப் பார்ப்பார். போட்டுப் பார்க்காதவர் நகையை அடகு வைத்து இன்னும் பெரிய கிரைண்டர் வாங்குவார்.

இதெல்லாம் வணிகர்களின் விஷயம், ஆன்மிக சாதகருக்கு இதில் என்ன என்று சிலர் நினைக்கலாம். வேறு சிலர் ஒருபடி மேலே செல்வர்: ‘செயலில்தான் உரிமை, பலனில் இல்லை என்று கீதை கூறும்போது, பலனை முன்கூட்டியே அளந்து பார்ப்பது பற்றுடையவன் வேலை அல்லவா? துணிந்து இறங்கிவிட்டு இறைவனிடம் விட்டுவிடுவதுதானே கர்மயோகம்?’ கேட்பதற்கு இது உயர்ந்ததாகவே இருக்கிறது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தின் 47-ஆம் சுலோகத்தோடு கீதை முடிந்துவிடவில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் செயலை மூவகையாகப் பிரிக்கிறார். அங்கே 25-ஆம் சுலோகம் தாமச கர்மத்துக்குக் கூறும் அடையாளம் கவனிக்கத்தக்கது. பின்விளைவையும், இழப்பையும், பிறருக்கு நேரும் துன்பத்தையும், தன் ஆற்றலையும் எண்ணிப் பாராமல் மயக்கத்தால் தொடங்கப்படும் செயல் எதுவோ அது தாமசம். இழப்பைக் கணக்கிடாமல் இறங்குவதைக் கீதை பற்றின்மை என்று சொல்லவில்லை, மயக்கம் என்கிறது.

எனவே பலனைத் துறப்பது வேறு. பலனைப் பற்றிப் பொய்யாக எண்ணிக்கொள்வது வேறு. சொல்லப்போனால், பற்று மிகுந்தவனுக்குத்தான் கணக்கு கண்ணில் படாது. அவன் காண விரும்புவதையே காண்கிறான். பற்று நீங்கியவனுக்கு வரவைப் போலவே செலவும் தெளிவாகத் தெரியும். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்பது அவற்றுள் முதலாவது அதிகாரத்தின் கருத்து. அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. கைபேசியில் கடை திறப்பவருக்கும் அவை அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது.

இணைய வணிகம் நம் நாட்டில் தொடங்கிய விதமே இதற்கு ஒரு பாடம். 1999-இல் பெங்களூருவில் கே. வைத்தீஸ்வரனும் அவருடைய நண்பர்களும் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கினர். நாட்டின் முதல் இணைய வணிக முயற்சிகளுள் அது ஒன்று. அன்று இணையம் தொலைபேசிக் கம்பி வழியே தவழ்ந்து வந்தது. கடன் அட்டையின் எண்ணைக் கணினியில் தட்டுவதற்கு மக்கள் அஞ்சினர். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறை நாட்டில் பரவியதே 2010-க்குப் பிறகுதான். கைபேசியிலேயே பணம் செலுத்தும் யுபிஐ வந்தது 2016-இல். ஆக, அவர்கள் விதைத்தது நல்ல விதை. ஆனால் மழைக்காலம் இன்னும் பத்தாண்டுகள் தள்ளி இருந்தது. பின்னாளில் இந்தியாபிளாசா என்ற பெயரில் நடந்த அந்த இணையக் கடை 2013-இல் மூடப்பட்டது. பொருள் தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் ஊழியர்களின் சம்பளமும் நிலுவையில் நின்றன. அந்த நாட்களைப் பற்றி வைத்தீஸ்வரன் 2017-இல் ஒரு நூலே எழுதினார். தோற்றவர் தமது தோல்வியைத் தாமே பதிவு செய்வது நம்மிடையே அரிது. வென்றவர்களின் கதைகள் மட்டுமே அச்சேறுவதால்தான் புதிதாக வருபவர்களின் எதிர்பார்ப்பு வீங்கிப் போகிறது.

ஃபேப்மார்ட்டைத் தொடங்கிய அதே குழுவைச் சேர்ந்த வேறு சிலர் 2011-இல் பிக்பாஸ்கெட் என்ற மளிகைக் கடையை இணையத்தில் திறந்தனர். அது நிலைத்தது, 2021-இல் அதன் பெரும்பங்கை டாடா குழுமம் வாங்கியது. ஏறத்தாழ அதே மனிதர்கள், அதே அனுபவம், மாறியது காலம். முதல் முறை தோற்றதை ஒழுக்கக் குறைவு என்றோ இரண்டாம் முறை வென்றதைத் தவப்பயன் என்றோ கூறுவது பேதைமை. கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் பல சேர்ந்தே ஒரு செயல் பலிக்கிறது. கீதை அதே பதினெட்டாம் அத்தியாயத்தில் செயலின் ஐந்து காரணங்களைக் கூறுமிடத்தில், ஐந்தாவதாகத் தெய்வத்தை வைத்திருப்பது இதற்காகத்தான்.

புனேயிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குழந்தைகளுக்கான பொருட்களை விற்கும் ஃபர்ஸ்ட்கிரை 2010-இல் தொடங்கி, 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. வெற்றி என்று எல்லோரும் பேசிய அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில் முடிந்த நிதியாண்டிலும் அதன் கணக்கில் 300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டமே இருந்தது. அத்தகைய நஷ்டத்தைத் தாங்கப் பெரும் முதலீட்டாளர்கள் பின்னால் நின்றனர். ஆறே மாதத்தில் குடும்பச் செலவு முழுவதையும் இணையக் கடை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி வேலையை விடும் இளைஞருக்குப் பின்னால் நிற்பவர் யார்? ஓய்வூதியத்தில் வாழும் தந்தையும், தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் எடுத்துக் கொடுத்த தாயும்தான்.

இங்கேதான் எதிர்பார்ப்பு அறத்தின் எல்லைக்குள் வருகிறது. ஒருவன் தன் சொந்த உழைப்பை மட்டும் பணயம் வைத்து ஏமாந்தால் அது அவனோடு போகும். ஆனால் தொழில் தொடங்குபவன் தன் எதிர்பார்ப்பைச் சொல்லித்தான் பிறரிடம் பணம் பெறுகிறான். சரக்கைக் கடனாக வாங்குகிறான். ஆட்களை வேலைக்கு வைக்கிறான். அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய், அறிந்தோ அறியாமலோ, அவர்களிடம் வாக்குறுதியாகச் சென்று சேர்கிறது. தன்னை ஏமாற்றிக்கொள்பவன் சத்தியத்திலிருந்து வழுவியவன் என்று பொதுவாக யாரும் கருதுவதில்லை. கருத வேண்டும்.

எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டால் ஊக்கம் குன்றிவிடாதா என்று கேட்கலாம். ஜெஃப் பெசோஸ் 1994-இல் அமேசானைத் தொடங்கியபோது, பணம் தர முன்வந்தவர்களிடம், தம் பெற்றோர் உட்பட, அந்தப் பணம் முழுவதும் போய்விட 70 சதவீத வாய்ப்பு உண்டு என்று சொன்னார். அவர் கனவு சிறியதன்று. நிறுவனம் முழு ஆண்டு லாபம் கண்டது 2003-இல்தான். அவரது வணிக முறைகள் அனைத்தையும் போற்ற வேண்டியதில்லை. பலவற்றைக் குறை கூறவும் இடமுண்டு. ஆயினும் அந்த ஒரு சொல்லில் நேர்மை இருந்தது. பெற்றோர் தெரிந்தே கொடுத்தனர். போயிருந்தால், மகன் ஏமாற்றினான் என்று அவர்கள் எண்ண நேர்ந்திருக்காது. பெரிய நோக்கமும் அளவான எதிர்பார்ப்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். சாத்விகக் கர்த்தா பற்று நீங்கியவன், உறுதியும் உற்சாகமும் உடையவன், வெற்றி தோல்வியில் மாறாதவன் என்று கீதை கூறும்போது உற்சாகத்தை விட்டுவிடவில்லை.

ஆகவே தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு வரும்?’ என்பதன்று. ‘எவ்வளவு போகலாம், போவது யாருடையது?’ என்பதே. போனால் தாங்கக்கூடிய தொகையை முதலிலேயே வரையறுத்து, அதை வீட்டாரிடம் மறைக்காமல் கூறி, அந்த எல்லை வந்ததும் நிறுத்துவதற்கு வேண்டிய மனவலிமை, தொடங்குவதற்கு வேண்டிய மனவலிமையைவிடப் பெரிது. ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்னும் சொல்லால் அழிந்த குடும்பங்கள் உண்டு.

சரி, அளந்து இறங்கியும் தோற்றுவிட்டால்? பிம்ப்ரியிலிருந்து சில கல் தொலைவில், இந்திராயணி நதிக்கரையில் உள்ள தேஹுவில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆஷாட மாதத்துப் பண்டரிபுர யாத்திரையின்போது எவருடைய பல்லக்கு ஆகுர்டியில் தங்கிப் பிம்ப்ரி வழியாகப் புனே செல்கிறதோ, அந்தத் துக்காராம் மகராஜ் பிறப்பால் வணிகக் குடும்பத்தவர். கடை நடத்தியவர், கடன் கொடுத்து வாங்கிய குடும்பம். பதினேழாம் நூற்றாண்டில் தக்காணத்தைத் தாக்கிய கொடும் பஞ்சத்தில் வணிகம் நொடித்தது. மனைவியரில் ஒருவரும் மகனும் மாண்டனர். பின்னர் அவர் தம் குடும்பத்துக்கு வரவேண்டிய கடன்களின் பத்திரங்களை எடுத்து இந்திராயணியில் எறிந்தார் என்று மரபு கூறுகிறது.

இந்த வரலாற்றைப் பலர் அவசரமாகப் படித்துவிடுகின்றனர். ‘கணக்கையெல்லாம் ஆற்றில் விட்டார்’ என்று சுருக்கிவிடுகின்றனர். ஆற்றில் போனவை பிறர் அவருக்குத் தர வேண்டியவை. அவர் பிறருக்குத் தர வேண்டியவை அல்ல. பலனைத் துறத்தல் என்பது தன் பங்குக்கு வரவேண்டியதைத் துறப்பதாகும். சரக்கு கொடுத்தவனுக்கும் சம்பளத்துக்கு உழைத்தவனுக்கும் சேரவேண்டியதைத் ‘துறந்துவிட்டேன்’ என்று எவரும் சொல்ல முடியாது. தொழில் நொடித்தபின் ‘எல்லாம் இறைவன் செயல்’ என்று கூறிக் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்பவர் துறப்பது தம்முடையதை அல்ல.

மரபு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. துக்காராம் எறிந்தது பத்திரங்கள் முழுவதையும் அல்ல. தம்பி கான்ஹோபாவுக்கும் அவற்றில் உரிமை இருந்தது. எனவே பத்திரங்களை முதலில் இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரு பங்கைத் தம்பியிடம் கொடுத்தார். தம் பங்கைத்தான் நதியில் விட்டார்.